தம்பலகாமம் என்னும் உழவூர்

ஒரு நாட்டின் வரலாற்றை எழுதப் புகுவோர் தலைநகரங்களையும் கோட்டைகளையும் துறைமுகங்களையுமே முதற்கண் நாடுவர். திருகோணமலையின் வரலாறும் பெரும்பாலும் அதன் துறைமுகத்தின் வரலாறாகவே எழுதப்பெற்று வந்துள்ளது. போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் ஆகியோர் இத்துறைமுகத்தின்பொருட்டுப் பொருத செய்திகளை நம் மாணவர் நன்கறிவர். ஆயின், அத்துறைமுகத்தின் பின்புறத்தே நெல் விளைத்து வாழ்ந்த ஊர்களைப்பற்றி அறிந்தோர் சிலரே. அவ்வூர்களுள் தலையாயது தம்பலகாமம். அதன் வரலாற்றையும் இயல்பையும் சுருங்க ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாலையூற்றைக் கடந்து கண்டி வீதிவழியே தென்மேற்குத் திசையிற் செல்வோர், காடும் மேட்டுநிலமும் நீங்கி வயல்வெளி விரியுமிடத்தை அடைவர். திருகோணமலை நகரிலிருந்து ஏறக்குறைய 24 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது தம்பலகாமம். மேற்கே கந்தளாய்க் குளம். கிழக்கே தம்பலகாமக் குடா. குளத்திலிருந்து குடாவரை சாய்ந்து செல்லும் நிலமே இவ்வூரின் செல்வம். கந்தளாயின் நீர் வாய்க்கால்களிற் பிரிந்து, வயல்களில் நின்று, எஞ்சியது கடலை நாடும். இந்நீர்வழியை உணர்ந்தாலன்றி ஊரின் வரலாற்றை உணர்தல் அரிது.

ஊர்ப்பெயரே இதற்குச் சான்று பகர்கின்றது எனலாம். நீர் நின்ற வயலைச் சேறுபட உழுது பண்படுத்துவதைத் தம்பலடித்தல் என்பது தமிழ் வழக்கு. கிராமம் என்னும் சொல்லின் திரிபாகிய காமம், கதிர்காமம் முதலிய பெயர்களிலும் காணப்படுவது. சேற்றுழவு நிகழும் ஊர் எனப் பொருள் கொள்ளுதல் இவ்வூருக்கு மிகவும் பொருந்தும்.

கந்தளாய்க் குளத்தை அமைத்தவர் யார் என்பதில் இருவகை மரபுகள் உள. சூளவம்சம் அதனை 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதி மன்னனோடு தொடர்புபடுத்தும். கோணேசர் கல்வெட்டு என்னும் தமிழ் நூலோ குளக்கோட்டு மன்னனின் திருப்பணியாகக் கூறும். குளமும் கோட்டமும் அமைத்தமையால் அப்பெயர் பெற்றான் என்பர். இவ்விரண்டனுள் எது சரி என வழக்காடுவதினும், இரண்டும் ஒன்றுபடும் இடத்தை நோக்குதல் நன்று. இக்குளம் ஒரு தனியூரின் முயற்சியாலன்றி, ஓர் அரசின் ஆற்றலாலும் பெருந்தொகையான மக்களின் உழைப்பாலும் உருவாயது என்பதே அது.

குளத்தைச் சூழ்ந்து வாழ்ந்த மக்களின் நிலையைக் கல்வெட்டுகள் ஓரளவு தெளிவாக்குகின்றன. சோழர் ஆட்சிக்காலத்திலும் அதன் பின்னரும் கந்தளாய் அந்தணர் வாழும் சதுர்வேதிமங்கலமாக விளங்கிற்று. அண்மையிலுள்ள பளமோட்டையிற் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு, முதலாம் விசயபாகுவின் காலத்தில் ஓர் அந்தணப் பெண்மணி அங்கிருந்த சிவாலயத்துக்கு அளித்த கொடையைக் கூறுகின்றது. அக்கொடையைக் காக்கும் பொறுப்பு வேளைக்காரப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது. குளமும் வயலும் கோயிலும் ஒன்றோடொன்று பிணைந்து நின்றமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

கோணேசர் கல்வெட்டு தரும் மற்றொரு செய்தி நம் சிந்தனைக்குரியது. குளக்கோட்டன் குடிகளைக் கொணர்ந்து குடியேற்றி, அவர்களைத் தானத்தார், வரிப்பத்தார் எனப் பிரித்து, ஒவ்வொருவர்க்கும் உரிய கடமைகளை வகுத்தான் என்று அந்நூல் கூறும். நிலத்தைப் பெறுதல் என்பது கடமையொன்றையும் உடன் பெறுதலாக இருந்தது. நீரை மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு முறையாக விடவேண்டிய ஊரில், மக்கள் வாழ்வும் முறையாலேயே அமைந்தது. தம்பலகாமத்தின் தனித்தன்மையை ஒரு சொல்லில் அடக்கவேண்டுமாயின், "முறை" என்பதே அச்சொல் என்பேன்.

இவ்வூருக்குப் பெரும்புகழ் சேர்ந்தது ஓர் அழிவின் பயனாக. 1622இல் போர்த்துக்கேயர் சுவாமிமலையில் இருந்த கோணேசர் கோயிலைத் தகர்த்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. அடியார்கள் காப்பாற்றிய திருவுருவங்கள் பின்னர்த் தம்பலகாமத்தில் எழுந்த ஆலயத்திற் சேர்ந்தன என்பதும், கண்டியை ஆண்ட இரண்டாம் இராசசிங்கன் அவ்வாலயத்தை ஆதரித்தான் என்பதும் மரபு. அதுவே இன்று ஆதிகோணநாயகர் ஆலயம் எனப்படுவது. கடற்கரையில் வழிபாடு ஒடுங்கிய காலத்தில், வயல் நடுவே அது தொடர்ந்தது. சுவாமிமலையில் மீளக் கட்டிய கோயிலின் குடமுழுக்கு 1963இலேயே நிகழ்ந்தது. மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு பெருங்கோயிலின் மரபைத் தாங்கி நின்றவர்கள் உழவர்கள் என்பதை நாம் மறத்தலாகாது.

ஒல்லாந்தர் காலத்தில் தம்பலகாமப்பற்று, மாவட்டத்தின் உழவுப் பகுதிகளுள் ஒன்றாக அவர்களது கவனத்தைப் பெற்றது. 1786இல் வான் சென்டன் என்னும் ஒல்லாந்த அதிகாரி இப்பகுதிகளைச் சுற்றிப்பார்த்து நாட்குறிப்பு எழுதினார். ஆங்கிலேயர் ஆட்சியில், 1856ஆம் ஆண்டுச் சட்டமொன்று நீர்ப்பாய்ச்சலில் ஊர்வழக்குகளை நடைமுறைப்படுத்த இடமளித்தது. வட்டவிதானையார் வாய்க்காலையும் வேலியையும் கண்காணித்து, நீர்முறையைக் காத்தனர். 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டத்தின்பின் அப்பணி பயிர்ச்செய்கைக் குழுக்களின்பாற் சென்றது. பெயர்கள் மாறின, தேவை மாறவில்லை.

வடகீழ்ப் பருவமழையை நம்பிப் பெரும்போகமும், குளத்துநீரை நம்பிச் சிறுபோகமும் விளைவது இவ்வூர் வழக்கம். போகம் தொடங்குமுன் உழவர் ஒன்றுகூடி, நீர் திறக்கும் நாளையும் விதைப்பு நாளையும் முடிவுசெய்வர். ஒருவன் காலந்தாழ்த்தி விதைத்தால், அவன் வயலுக்காக வாய்க்காலில் நீரை நீட்டித்து விடவேண்டும். அதனால் பிறர் வயலின் அறுவடை கெடும். எனவே தனிமனிதன் விருப்பத்தினும் ஊரின் தீர்மானம் வலிமை பெற்றது. சூடு மிதிக்குங் காலத்திற் களத்தில் "பொலி" என்பதையன்றிக் குறைவுபடப் பேசாத பழக்கமும், மழை வேண்டிக் கந்தளாய்க் குளக்கட்டில் வேள்வி செய்யும் மரபும் இந்த வாழ்வில் முகிழ்த்தவை.

பிறநாட்டு உழவூர்களோடு ஒப்பிடுங்கால் இவ்வியல்பு மேலும் விளங்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1785ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி ஆறு மைல் பக்கமுள்ள சதுரங்களாக நிலம் அளக்கப்பட்டது. 1862ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறும் உழவர்க்கு 160 ஏக்கர் வரை அளித்தது. மேற்குச் சமவெளியில் இருப்புப்பாதை சென்றவிடத்து நிலையமும், அதனருகே தானியக் களஞ்சியமும், அவற்றைச் சூழ்ந்து ஊரும் எழுந்தன. அங்கே ஊரை வகுத்தவை அளவுகோலும் புகைவண்டியும். தம்பலகாமத்திற்குப் புகைவண்டி 1927இல் வந்தபோது ஊர் பல நூற்றாண்டு முதுமையுடையதாயிருந்தது. இங்கே ஊரை வகுத்தது நிலத்தின் சாய்வு. அமெரிக்கச் சமவெளியின் உழவன் தன் சதுரத்துள் வானை மட்டும் நோக்கித் தனித்து நின்றான். தம்பலகாமத்து உழவனோ தன் மேல்வயற்காரனையும் நோக்கியாக வேண்டும்.

நீரால் வாழும் ஊருக்கு நீராலேயே துன்பமும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கந்தளாயிற் பெருங்குடியேற்றம் நிகழ்ந்தது. 1960களில் கரும்புச் செய்கையும் சீனி ஆலையும் அங்கே இடம்பெற்றன. ஒரே குளத்து நீரை நாடுவோர் தொகை பெருகிற்று. 1986 ஏப்பிரல் 20ஆம் நாள் விடியுமுன் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். வீடுகளும் ஆயிரக்கணக்கான ஏக்கர் வயலும் அழிந்தன. கட்டு மீண்டும் அமைக்கப்பட்டது. 2009 வரை நீடித்த போர்க்காலத்தில் மக்கள் இடம்பெயர்ந்தனர், வயல்கள் தரிசாயின. அமைதி திரும்பியபோது மீண்டு வந்தோர் முதலில் தேடியவற்றுள் வாய்க்காலும் வரம்பும் இருந்தன. 1976இல் பொல்கொல்லையில் திசைதிருப்பப்பெற்ற மகாவலி நீர் பிற குளங்களைக் கடந்து கந்தளாயையும் சேர்கின்றது. எனவே இன்று தம்பலகாமத்து நெற்பயிர் மலைநாட்டு மழையையும் எதிர்நோக்கி நிற்கின்றது. மேல்வயற்காரன் இப்பொழுது நெடுந்தொலைவில் இருக்கின்றான் என்க.

ஆகவே நாம் எண்ணவேண்டியது ஒன்றுண்டு. நீரளவை அதிகாரிகள் ஏடுகளிற் பதிகின்றனர். ஆயின், நீரைப் பகிரும் முறை உழவர் நெஞ்சில் மட்டுமே பதிந்துள்ளது. வயல்களின் பெயர், வாய்க்கால்களின் பெயர், கோயில் ஊழியங்களின் வரிசை, களத்துச் சொற்கள் ஆகியன முதியோரோடு மறைந்துகொண்டிருக்கின்றன. படித்த இளைஞர் நகர்ப் பணியை நாடுதல் இயற்கையே. அவர்களைக் குறைகூறுதல் முறையன்று. ஆயினும் திருகோணமலையிற் பயிலும் மாணவர் விடுமுறைக் காலத்திலேனும் தம் ஊர்ப் பெரியோரை அணுகி, இவற்றைக் கேட்டு எழுதிவைப்பாராயின், அது வருங்கால ஆராய்ச்சியாளர்க்குக் கல்வெட்டுக்கு நிகரான உதவியாகும். குளம் உடைந்தால் மண்ணிட்டு அடைக்கலாம். முறை மறந்தால் அதனை மீளக் கட்ட மண்ணும் கல்லும் உதவமாட்டா.