உங்களுக்குத் தெரியுமா? பழவேற்காடு போகும் முன்...

● ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. ரயிலில் வருபவர்கள் பொன்னேரியில் இறங்கிப் பேருந்து பிடிக்கலாம்.

● ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கும் தீவுதான், ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா.

● இறால் பிடிக்கும் இடங்களை மீனவர்கள் ‘பாடு’ முறையில் சீட்டுக் குலுக்கி, முறைவைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள்.

● 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். அவர்களது பழைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகளைப் பார்க்கலாம்.

● பூநாரைகளைக் காண நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம்.

● 2011 கிறிஸ்துமஸ் நாளில் இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அனுமதியில்லாத படகில் ஏறாதீர்கள்.