மூச்சுக்கு ஒரு பில், முகத்துக்கு ஒரு பில்

2000-ல் உலக அழகிப் பட்டம் வென்ற பிரியங்கா சோப்ரா, விஜய்யுடன் ‘தமிழன்’ படத்தில்தான் முதன்முதலில் திரைக்கு வந்தார். அந்தக் காலகட்டத்தில் அவருக்குச் சளி விடாமல் தொல்லை கொடுத்தது. மூக்குக்குள் சதை வளர்ந்திருக்கிறது, அகற்ற வேண்டும் என்றார் டாக்டர். முகத்துக்கும் இந்த ஆபரேஷனுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் சதையைச் செதுக்கும்போது கை தவறி மூக்குத்தண்டும் செதுக்கப்பட்டு, தண்டு சரிந்துவிட்டது. கட்டு பிரித்துக் கண்ணாடியில் பார்த்தபோது தெரிந்தது வேறு முகம். 2021-ல் வெளிவந்த தன் வாழ்க்கைக் கதையில் அவரே இதை எழுதியிருக்கிறார். கையிலிருந்த படங்கள் போயின. சரிசெய்ய மேலும் ஆபரேஷன்கள் தேவைப்பட்டன.

மூச்சுக்காகப் போனவருக்கு முகம் மாறியது. இதற்கு நேர்மாறாக, மூக்கு அழகாக வேண்டும் என்று போய் மூச்சை அடைத்துக்கொண்டு வந்தவர்களும் உண்டு. உடம்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடத்து வேலை. ஆனால் பில் போடும் கவுன்ட்டரில் இவை வேறு வேறு. மூச்சுக்கான ஆபரேஷன் மருத்துவம்; அழகுக்கான ஆபரேஷன் ஆசை. முதலாவதற்குக் காப்பீடு வரும், இரண்டாவதற்கு வராது, அதோடு வரியும் சேரும். இரண்டையும் ஒரே மயக்கத்தில் செய்துகொண்டால் எந்த ரூபாய் எந்தப் பக்கம் போகிறது?

முதலில் மூக்கின் உள்ளே பார்த்துவிடலாம். இரண்டு நாசிகளுக்கும் நடுவே ஒரு சுவர்; பெயர் செப்டம். அதன் முன்பாதி குருத்தெலும்பு, பின்பாதி எலும்பு. ‘மூக்குல எலும்பு வளைஞ்சிருக்கு’ என்று டாக்டர் சொல்வது பெரும்பாலும் இந்தச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்திருப்பதைத்தான். அதை நிமிர்த்தும் ஆபரேஷன் செப்டோபிளாஸ்டி. வெளியிலிருந்து தெரியும் வடிவத்தை மாற்றுவது ரைனோபிளாஸ்டி. சிக்கல் என்னவென்றால், அந்தச் சுவர் வெறும் தடுப்பு இல்லை. கூடாரத்துக்கு நடுக்கம்பம் போல, மூக்கின் கீழ்ப்பாதி அதன் மேல்தான் நிற்கிறது. அதனால்தான் சுவரில் எவ்வளவு வெட்டினாலும், மேல் ஓரத்திலும் முன் ஓரத்திலும் குறைந்தது 10 மில்லிமீட்டர் அகலத்துக்குக் கை வைக்காமல் விட வேண்டும் என்பது மூக்கு டாக்டர்களின் பாலபாடம். அதை மீறினால் மூக்கு நடுவில் பள்ளம் விழுந்து சேணம் போலாகிவிடும்.

இன்னொரு முக்கியமான இடம், நாசித் துவாரத்திலிருந்து சற்று உள்ளே, நடுச்சுவரும் பக்கவாட்டுக் குருத்தெலும்பும் சேரும் மூலை. அங்கே கோணம் வெறும் 10 முதல் 15 டிகிரி. மூச்சுப் பாதையிலேயே குறுகலான இடம் அதுதான். ஒரு விரலை மூக்கின் ஓரம் கன்னத்தில் வைத்து, கன்னத்தை மெதுவாகக் காதுப் பக்கம் இழுத்துக்கொண்டே மூச்சை உள்ளே இழுத்துப் பாருங்கள். சட்டென்று காற்று தாராளமாகப் போனால் கோளாறு அந்த மூலையில் இருக்கலாம். காட்டில் சோதனை என்று இதற்குப் பெயர். அமெரிக்க மூக்கு அறுவை நிபுணர் மாரிஸ் காட்டிலின் பெயரால் வந்தது. ஆரோக்கியமான மூக்கிலும் ஓரளவு வித்தியாசம் தெரியும் என்பதால், வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிட வேண்டாம்.

மூக்கின் மேல் உள்ள மேட்டைச் சீவித் தட்டையாக்குவது அழகு ஆபரேஷன்களில் மிகச் சாதாரணமானது. சீவும்போது இந்த மூலையின் கூரையும் சேர்ந்து போகிறது. அப்படியே விட்டால் சில வருடங்களில் பக்கச் சுவர் உள்ளே மடங்கி மூச்சு அடைக்கும். மூக்கின் நடுவில் தலைகீழ் ‘வி’ போல ஒரு நிழலும் விழும். இதற்கு ஜாக் ஷீன் என்ற அமெரிக்க நிபுணர் 1984-ல் எழுதிய தீர்வு, தீக்குச்சி போல மெல்லிய இரண்டு குருத்தெலும்புத் துண்டுகளைச் சுவரின் இருபுறமும் செருகி மூலையை விரித்து வைப்பது. ஸ்ப்ரெடர் கிராஃப்ட் என்பார்கள். அதே துண்டு மூச்சுப் பாதையையும் திறக்கிறது, கோணலான மூக்கையும் நேராக்குகிறது. இது மருத்துவமா, அழகா? பில்லில் இதை எந்தப் பத்தியில் எழுதுவது? மொத்தச் செலவின் சண்டையும் இந்த இரண்டு குச்சிகளைச் சுற்றித்தான்.

சேர்த்துச் செய்வதில் உண்மையான லாபம் எங்கே இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. ஒரே மயக்கம், ஒரே தியேட்டர் வாடகை, ஒரே லீவு என்பதெல்லாம் சரிதான். அதைவிடப் பெரிய விஷயம் குருத்தெலும்பு. சுவரை நிமிர்த்தும்போது வெளியே எடுக்கப்படும் வளைந்த துண்டுதான் வடிவத்தைச் சீராக்கக் கிடைக்கும் முதல்தரக் கச்சாப்பொருள்: தட்டையானது, உறுதியானது, பக்கத்திலேயே இருப்பது. ‘இப்போதைக்கு மூச்சை மட்டும் பார்ப்போம், அழகை அப்புறம் பார்ப்போம்’ என்று பிரித்தால், முதல் ஆபரேஷனில் அந்தத் துண்டு குப்பைக்குப் போய்விடும். பின்னால் வடிவத்துக்கு வரும்போது காதிலிருந்தோ விலா எலும்பின் நுனியிலிருந்தோ எடுக்க வேண்டும். காதுக் குருத்தெலும்பு வளைந்தது, மென்மையானது. விலாவிலிருந்து எடுக்க நெஞ்சில் தனியாகக் கீற வேண்டும். தியேட்டரில் கூடுதல் நேரம், கூடுதல் வலி, மார்பில் ஒரு தழும்பு. எல்லாமே கைக்காசு.

அமெரிக்காவில் இந்தப் பிரிவினை எண்களால் நடக்கிறது. ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. நடுச்சுவரை நிமிர்த்த 30520, குறுகிய மூலையைச் சரிசெய்ய 30465, வடிவத்தோடு பெரிய அளவில் சுவரையும் சேர்த்துச் செய்ய 30420. காப்பீட்டுக் கம்பெனி முன் அனுமதி கொடுக்க நான்கைந்து வாரமாவது ஸ்டீராய்டு ஸ்பிரே அடித்துப் பார்த்த பதிவு, எண்டோஸ்கோப்பி அல்லது ஸ்கேன், முகத்தின் போட்டோக்கள் எல்லாம் கேட்கும். அழகுப் பகுதிக்கான டாக்டர் கட்டணத்தை நோயாளி தனியாக, பெரும்பாலும் முன்கூட்டியே கட்டிவிட வேண்டும். அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன்கள் சங்கத்தின் கணக்குப்படி 2020-ல் ரைனோபிளாஸ்டிக்கான சராசரி டாக்டர் கட்டணம் 5,483 டாலர். அதில் மயக்கமருந்துச் செலவும் இல்லை, தியேட்டர் வாடகையும் இல்லை. விளம்பரங்களில் பார்க்கும் ‘சராசரி செலவு’ பலமுறை இந்த எண்தான் என்பதால், கடைசி பில்லைப் பார்த்துத் திகைப்பவர்கள் அதிகம். இந்தத் திகைப்புக்கு மருந்தாக 2022 ஜனவரி 1 முதல் அங்கே ஒரு சட்டம் இருக்கிறது. கைக்காசு கட்டுபவருக்கு முன்கூட்டியே எழுத்தில் மதிப்பீடு தர வேண்டும். பில் அதைவிட 400 டாலரோ அதற்கு மேலோ எகிறினால் நோயாளி முறையிடலாம்.

இங்கிலாந்தின் அரசு மருத்துவத் துறை இன்னும் நேரடி. தோற்றத்துக்காக மட்டும் என்றால் பொதுவாகச் செய்வதில்லை. தனியாரில் 4,000 முதல் 7,000 பவுண்டு ஆகும் என்று தன் இணையப் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறது.

நம் நாட்டில் கோடு போடுபவர்கள் இரண்டு பேர். ஒருவர் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம். 2019-ல் அது எல்லாக் கம்பெனிகளுக்கும் ஒரே மாதிரியான விலக்குப் பட்டியலைக் கொடுத்தது. அதில் எட்டாம் எண் அழகு, பிளாஸ்டிக் சிகிச்சைகள். விபத்து, தீக்காயம், புற்றுநோய்க்குப் பிந்தைய சீரமைப்பு என்றால் பணம் தரலாம். உடல்நலத்துக்கு நேரடி ஆபத்தை நீக்குவதற்கு அவசியம் என்று சிகிச்சை செய்யும் டாக்டர் சான்று கொடுத்தாலும் தரலாம். மற்றபடி கிடையாது. சுவரை நிமிர்த்துவது இந்த விலக்கில் வராது, ஆனால் காது-மூக்கு-தொண்டைக் கோளாறுகளுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடக் காத்திருப்புக் காலம் உண்டு. போன மாதம் பாலிசி எடுத்துவிட்டு இந்த மாதம் அட்மிட் ஆக முடியாது.

இன்னொருவர் ஜி.எஸ்.டி. 2017-ல் அந்த வரி வந்தபோது மருத்துவச் சேவைகளுக்கு விலக்கு கிடைத்தது. முடி நடுதலும் அழகு ஆபரேஷனும் அந்த விலக்குக்கு வெளியே நின்று 18 சதவீத வரிக்குள் வந்தன. பிறவிக் குறை, வளர்ச்சிக் கோளாறு, காயம் இவற்றால் கெட்ட உறுப்பைச் சரிசெய்தால் வரி இல்லை. இரண்டு பட்டியல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேடிக்கை புரியும். பிளவுபட்ட உதட்டோடு பிறந்த குழந்தையின் கோணல் மூக்கை வரித்துறை மருத்துவம் என்று ஒத்துக்கொள்கிறது. பிறவியிலேயே வெளியில் தெரியும் குறை என்று சொல்லிக் காப்பீட்டுக் கம்பெனி கைவிரித்துவிடலாம். பல பாலிசிகளில் அதற்கு இடம் இருக்கிறது.

ஒரு கற்பனை பில்லைப் போட்டுப் பார்த்தால் கணக்கு பிடிபடும். மூன்று மணி நேர ஆபரேஷன். சுவருக்கு ஒரு மணி, வடிவத்துக்கு இரண்டு மணி. டாக்டர் கட்டணம் சுவருக்கு 60,000 ரூபாய், வடிவத்துக்கு 1,00,000. தியேட்டர், மயக்கமருந்து, ரூம், மருந்து எல்லாம் சேர்த்துப் பொதுச் செலவு 90,000. பொதுச் செலவை நேரப்படி பிரித்தால் மூச்சுக்கு 30,000, முகத்துக்கு 60,000. காப்பீடு 90,000 ரூபாய் கொடுக்கிறது. நோயாளியின் பங்கு 1,60,000. அதன் மேல் 18 சதவீத வரி 28,800. ஆக 1,88,800 ரூபாய் கைக்காசு.

இப்போது அந்த இரண்டு குச்சிகளுக்கு வருவோம். டாக்டர் கட்டணத்தில் 30,000 ரூபாயும் தியேட்டரில் அரை மணி நேரமும் அவற்றுக்கு ஆகின்றன என்று வைத்துக்கொள்வோம். அதை மூச்சுப் பக்கம் எழுதிக் காப்பீடும் ஒத்துக்கொண்டால், 45,000 ரூபாய் இடம் மாறுகிறது; அதற்கான வரி 8,100 ரூபாயும் மறைகிறது. நோயாளிக்கு 53,100 ரூபாய் மிச்சம். மூக்கில் ஒரு நூலிழைகூட மாறவில்லை.

இந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. சேர்த்துச் செய்தால் பாதி விலை என்று நினைத்து வருபவர்கள் ஏமாறுவார்கள். டாக்டரின் உழைப்பு இரண்டுக்கும் இரண்டாகத்தான் இருக்கும். குறைவது பொதுச் செலவில் ஒரு பகுதிதான்.

இங்கேதான் சபலமும் நுழைகிறது. ‘எல்லாத்தையும் செப்டம்னு போட்டுடலாம் சார், கேஷ்லெஸ்லயே முடிஞ்சுரும்’ என்று காதில் ஓதுபவர்கள் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒன்று, ஆபரேஷன் குறிப்பில் ஒன்று, போட்டோவில் வேறொன்று என்று இருந்தால், காப்பீட்டுக் கம்பெனிக்காகக் கிளெய்மைச் சரிபார்க்கும் டி.பி.ஏ. நிறுவனத்தின் டாக்டருக்கு அது முதல் பார்வையிலேயே தெரியும். கிளெய்ம் போவது சின்ன விஷயம். மோசடி என்று நிரூபித்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் பாலிசியைப் பழைய விவரங்களைக் கிளறி மறுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்தப் பாதுகாப்பும் மோசடிக்கு மட்டும் பொருந்தாது.

நேர்மையான வழியிலேயே நிறைய மிச்சப்படுத்தலாம், ஆவணம் இருந்தால். பத்து வருடத்துக்கு முன்னால் பைக்கிலிருந்து விழுந்து மூக்கு உடைந்தவர், அன்று அரசு ஆஸ்பத்திரியில் போட்ட ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரின் நகலை, பேச்சுவழக்கில் ஏ.ஆர். காப்பியை, பத்திரமாக வைத்திருந்தால் அவருடைய கோணல் மூக்கு விபத்தின் விளைவு. இல்லாவிட்டால் அது வெறும் கோணல் மூக்கு. அதே ஆபரேஷன், அதே டாக்டர். ஒரு தாளின் விலை லட்சத்தைத் தொடலாம். அலர்ஜிக்கு ஸ்பிரே வாங்கிய பிரிஸ்கிரிப்ஷன்கள், ஸ்கேன் அறிக்கை, எண்டோஸ்கோப்பிப் படம் இவையும் அப்படித்தான். எஸ்டிமேட் வாங்கும்போது மூச்சுக்கு எவ்வளவு, வடிவத்துக்கு எவ்வளவு, பொதுச் செலவை எந்த விகிதத்தில் பிரித்தார்கள் என்று மூன்றையும் தனித்தனியாக எழுதிக் கேட்க வேண்டும். ‘பேக்கேஜ்’ என்று ஒரே வரியில் வரும் எஸ்டிமேட்டை வைத்துக் காப்பீட்டில் வாதாட வழியில்லை.

கோடு எங்கே என்ற குழப்பம் புதிதல்ல. பெர்லினில் ஜாக் ஜோசப் என்ற டாக்டர், 1896-ல் ஒரு சிறுவனின் விடைத்த காதுகளைச் சரிசெய்தார். நோயில்லாத ஒருவரை அறுத்ததற்காக மருத்துவமனை அவரை வேலையிலிருந்து நீக்கியது. 1898-ல் அவர் ஒருவரின் பெரிய மூக்கைச் சிறிதாக்கினார். அந்த மூக்கால் ஆள் வெளியே தலைகாட்ட முடியாமல் தவிக்கிறார், அந்தத் தவிப்பும் நோய்தான் என்பது ஜோசப்பின் வாதம். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த சிப்பாய்களுக்கு அதே கைகள் தேவைப்பட்டபோது யாரும் கேள்வி கேட்கவில்லை. தமிழ்நாட்டிலும் இந்த விவாதம் ஒருமுறை எழுந்தது. 2018 பிப்ரவரியில் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகச் சீரமைப்பை இலவசமாகச் செய்வதாக அறிவித்தபோது, அழகுச் சிகிச்சை ஏழைக்கு மட்டும் ஏன் கூடாது என்ற கேள்வியை அன்றைய சுகாதார அமைச்சர் விஜயபாஸ்கர் எழுப்பினார். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மூக்குச் சுவரை நிமிர்த்தும் ஆபரேஷன் அன்றாடம் நடப்பது. சுவர் கோணலாகி மூக்கும் கோணலாக இருந்தால், மூச்சுக்காகப் போகும் இடத்திலேயே வடிவத்தைப் பற்றியும் வாய்விட்டுக் கேட்பதில் தவறில்லை.

எஸ்டிமேட்டில் பெரும்பாலும் விடுபடும் வரி, மறு ஆபரேஷன். ரைனோபிளாஸ்டியில் 100 பேருக்கு 5 முதல் 15 பேர் வரை மறுபடி மேஜைக்கு வருகிறார்கள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. சில டாக்டர்கள் தங்கள் கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்கள். தியேட்டரும் மயக்கமருந்தும் நோயாளியின் தலையில்தான். வடிவம் பிடிக்கவில்லை என்றால் காப்பீடு எட்டிக்கூடப் பார்க்காது. மூச்சு மறுபடி அடைக்கிறது என்றால் கேட்கலாம், அதற்கு ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும் எடுத்த எண்டோஸ்கோப்பிப் பதிவுகள் கையில் வேண்டும். நுனி வீக்கம் முழுதாக வடிய ஏறக்குறைய ஒரு வருடம் பிடிப்பதால், அதற்கு முன் பொதுவாக மறு ஆபரேஷனுக்குக் கை வைக்க மாட்டார்கள். அந்த ஒரு வருடத்துக்குள் பாலிசியைப் புதுப்பிக்கும் தேதி எப்படியும் ஒருமுறை வந்துவிடும். அதையும் சலுகை நாட்களையும் தவறவிட்டவருக்குப் பழைய பாலிசி போய், புதிதாக எடுக்கும் பாலிசியில் மூக்குக்கான காத்திருப்புக் காலம் முதல் நாளிலிருந்து எண்ணப்படும்.