இரவில் கூடும் மக்னீசியம்

2024 ஆகஸ்டில் கோலாலம்பூரின் ஜாலான் மஸ்ஜித் இந்தியாவில் நடைபாதை உள்வாங்கிய பிறகு, நம் காலடியில் இருப்பது சுண்ணாம்புக்கல் என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. பத்துமலையும் அதே கல்தான். 40 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால், சிலூரியன் காலத்துக் கடலடியில் படிந்தது. அந்தக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று இந்தக் கல்லிடம் கேட்டுப் பயனில்லை. பூமிக்குள் வெந்து, பெரும்பாலும் பளிங்காக மாறிவிட்டது. உயிர்கள் ஓடு கட்டியபோது உள்ளே சேர்ந்த நுண்தனிமங்கள் அந்த வேக்காட்டில் இடம் மாறிவிட்டன.

பழைய கடலின் சூட்டை அறிய, வேகாத சுண்ணாம்பு வேண்டும். அது ஆழ்கடல் சேற்றில் ஏராளமாகக் கிடைக்கிறது. ஃபோராமினிஃபெரா என்ற ஒற்றைச் செல் உயிரிகளின் ஓடுகள் அவை. ஆய்வாளர்கள் செல்லமாக ஃபோராம் என்பார்கள். இவற்றில் மிதக்கும் வகைகள் கடலின் மேல்நீரில் சில வாரமே வாழும். செத்ததும் ஓடு அடியில் போய் விழும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. சேற்றைச் சல்லடையில் கழுவி, நுண்ணோக்கியின் கீழ் நனைந்த தூரிகை நுனியால் ஒவ்வொன்றாகத் தொட்டெடுப்பார்கள். ‘குளோபிஜெரினாய்டிஸ் ரூபர்’ என்ற இனம்தான் வெப்பமண்டலக் கடல்களுக்குப் பிடித்தமான சாட்சி. சில ரூபர் ஓடுகள் இளஞ்சிவப்பாக இருக்கும். நம் பக்கத்துக் கடல்களில் வெள்ளைதான்.

ஓடு கால்சியம் கார்பனேட். கட்டும்போது கால்சியத்தின் இடத்தில் கொஞ்சம் மக்னீசியமும் நுழைந்துவிடும். தண்ணீர் சூடாக இருந்தால் அதிகம் நுழையும். 2003-இல் பல்லவி ஆனந்த், ஹாரி எல்டர்ஃபீல்ட், மௌரீன் கான்டே மூவரும் வெளியிட்ட கணக்குப்படி, ஒரு டிகிரி ஏறினால் மக்னீசியம் ஏறக்குறைய 9 சதவீதம் கூடுகிறது. 26 டிகிரி நீரில் ஆயிரம் கால்சியத்துக்கு 4 மக்னீசியம் என்றால், 29 டிகிரியில் 5-ஐத் தாண்டும். கடல்நீரில் மக்னீசியம் ஒரு கோடி ஆண்டுக்கும் மேல் தங்குவதால், சில பத்தாயிரம் ஆண்டுக் கணக்குக்கு நீரின் கலவை மாறாது என்று தைரியமாக வைத்துக்கொள்ளலாம். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது!

சிக்கல் ஓட்டின் சுவருக்குள் இருந்தது. ஸ்டீபன் எகின்ஸ் குழு 2004-இல் ‘ஆர்புலினா யூனிவெர்சா’ என்ற இன்னொரு ஃபோராமின் ஓட்டுக் குறுக்குவெட்டைப் பார்த்தபோது, மக்னீசியம் கூடிய பட்டையும் குறைந்த பட்டையும் மாறி மாறி அடுக்கடுக்காக இருந்தன. சூத்திரத்தை அப்படியே போட்டால், மக்னீசியம் இரட்டிப்பதற்குக் கடல் ஏறக்குறைய 8 டிகிரி சூடாக வேண்டும். ஒரே உயிரியின் சில வார வாழ்க்கையில் திறந்த கடல் அப்படி ஏறி இறங்குவதில்லை. ஹோவர்ட் ஸ்பீரோவும் சகாக்களும் உயிருள்ள ஆர்புலினாவைப் பிடித்து, வெப்பம் மாறாத நீரில் வளர்த்தார்கள். விளக்கை மட்டும் ஏற்றி அணைத்தார்கள். மக்னீசியம் கூடிய பட்டை இரவில் உருவானது. 2017-இல் ஜெனிஃபர் ஃபெரன்பேக்கர் குழு, பல அறைகள் கொண்ட ‘டுடெர்ட்ரெய்’ இனத்திலும் இதே இரவுப் பட்டையைக் கண்டது. ஆக, இது வெப்பத்தின் கைவரிசை அல்ல. ஓடு கட்டும் உயிரியின் அன்றாட வேலைமுறை.

அப்படியானால் கணக்கே பொய்யா? இல்லை. மஸ்ஜித் இந்தியா நகைக்கடையில் பழைய 916 சங்கிலியை நீட்டினால், பற்றவைத்த கண்ணியில் மட்டும் உரசிப் பார்த்து விலை சொல்ல மாட்டார்கள். அங்கே மாற்று குறைவு. உருக்கிப் பார்த்தால்தான் மொத்தச் சங்கிலியின் தரம் தெரியும். ஃபோராமுக்கும் பெரும்பாலும் அப்படித்தான்: சில பத்து ஓடுகளை நொறுக்கி, ஒன்றாகக் கரைத்து, சராசரி எடுக்கிறார்கள். இரவும் பகலும் அதில் கலந்துவிடும். 9 சதவீதம் என்பதே அந்தச் சராசரிக்கான விதிதான்.

சராசரியைக் கெடுக்கும் ஆட்களும் உண்டு. களிமண்ணில் மக்னீசியம் ஏராளம். ஓட்டின் துளைக்குள் ஒரு துகள் ஒட்டியிருந்தாலும் கடல் பொய்யாகச் சூடேறும். அதனால் தண்ணீர், மெத்தனால், சூடான பெராக்சைடு என்று வரிசையாகக் கழுவி, அலுமினியமும் இரும்பும் மிச்சமிருக்கிறதா என்று சரிபார்ப்பார்கள். உப்பு கூடினாலும் மக்னீசியம் சற்று ஏறும். ஆழ்கடலில் மக்னீசியம் மிகுந்த பகுதிதான் முதலில் கரையும். மிஞ்சிய ஓடு கடலைக் குளிராகக் காட்டும். என்னைக் கேட்டால், வெப்பம் அளப்பதில் பாதி இந்தக் கழுவல்தான்.

நம் பகுதிக்கு வருவோம். 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தில், கடல்மட்டம் ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. கிள்ளானிலிருந்து சுமத்ராவுக்கு நடந்தே போயிருக்கலாம். அந்தக் காலத்து மிதக்கும் ஃபோராம் மலாக்கா நீரிணையில் எப்படிக் கிடைக்கும்? வடக்கே அந்தமான் கடலுக்குப் போக வேண்டும். அங்கே எடுத்த ஆர்சி12-344 என்ற சேற்றுத் தூணில் ரூபர் ஓடுகளை அளந்த ஹாருனுர் ரஷீத் குழு, பனியுகத்தில் அந்தக் கடல் இன்றைவிட ஏறக்குறைய 3 டிகிரி குளிர்ந்திருந்ததாக 2007-இல் எழுதியது. ஐராவதி கொட்டும் களிமண்ணும் நன்னீரும் சேரும் கடல் அது. கழுவலில் அசட்டையாக இருந்தால் தொலைந்தது. பசிபிக் நடுக்கோட்டுப் பகுதியில் டேவிட் லீ குழு 2000-இல் கண்டதும் 2.8 டிகிரிதான். வெப்பமண்டலக் கடல்கள் பனியுகத்தில் பெரிதாக மாறவில்லை என்ற 1970-களின் முடிவை இத்தகைய அளவுகள் ஆட்டிப்பார்த்தன.

இப்போது சிலர் தலைகீழாக வேலை செய்கிறார்கள். ஓடுகளைக் கலக்காமல் ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். ஓர் ஓடு சில வாரக் கடலின் பதிவு என்பதால், ஒரே அடுக்கிலுள்ள பல ஓடுகளின் சிதறல், அந்தக் காலத்தில் கடல் எவ்வளவு ஏறி இறங்கியது என்று காட்டும். ஹெதர் ஃபோர்டு குழு 2015-இல் இப்படித்தான் பனியுகத்தில் எல் நினோ ஊசலாட்டம் தணிந்திருந்தது என்ற முடிவுக்கு வந்தது. இங்கே இரவுப் பட்டை மறுபடி குறுக்கே வரும். தடித்த சுவருள்ள ஓடும் மெல்லிய ஓடும் ஒரே நீரில் வாழ்ந்திருந்தாலும் வேறு எண் தரக்கூடும். சிதறலில் உயிரியின் பங்கு எவ்வளவு, எல் நினோவின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வேண்டும். 1997-லும் 2015-லும் எல் நினோ வறட்சியில் சுமத்ரா எரிந்து, கிள்ளான் பள்ளத்தாக்கு முகமூடி போட்டு நடமாடியது. சூடேறும் கடலில் அந்த ஊசலாட்டம் வலுக்குமா, தணியுமா என்ற வாதத்தில் இந்த ஓடுகளின் கணக்கும் ஒரு சாட்சியம்.