ஒன்றுமில்லாத இடத்தில்தான் விஷயம்

மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிய அலுமினிய கேன். பால்காரர் என்று நினைத்தால் ஏமாந்து போவீர்கள். உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரி குளிரில் திரவ நைட்ரஜன். அதில் மூழ்கிக் கிடப்பவை, பொலிகாளைகளின் உறைவிந்து நிரப்பிய மெல்லிய பிளாஸ்டிக் குச்சிகள். குஜராத்தானாலும் பஞ்சாபானாலும் கிராமத்து மாட்டுக்குச் சினை ஊசி வந்து சேர்வது இப்படித்தான். 2023-24ல் சுமார் 23.9 கோடி டன் பால் உற்பத்தி செய்த நாடு இது. அந்தப் பாலில் இந்த கேனுக்கும் பங்குண்டு.

சூத்திரம் பழையது. லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1892ல் ஜேம்ஸ் டியூவர், ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் இன்னொன்றை வைத்து இடையில் இருந்த காற்றை உறிஞ்சி எடுத்தார். காற்று இல்லையேல் வெப்பம் கடக்க வழி குறைவு. வீட்டில் காபியைச் சூடாக வைத்திருக்கும் ஃபிளாஸ்க்கும் இதே வம்சம்தான்.

மகாராஷ்டிரத்தின் நாசிக்கில் உள்ள இந்தியன் ஆயில் கிரையோஜெனிக்ஸ் ஆலை இத்தகைய கேன்களைத் தயாரிக்கிறது. முன்பு ஐ.பி.பி. நிறுவனத்திடம் இருந்த ஆலை; 2007ல் அந்த நிறுவனம் இந்தியன் ஆயிலுடன் இணைந்தபோது இதுவும் கைமாறியது.

கேன் என்பது உண்மையில் இரண்டு அலுமினியப் பாத்திரங்கள். உள்பாத்திரம் வெளிப்பாத்திரத்தைத் தொடாமல், கழுத்துக் குழாயில் தொங்குகிறது. உலோகம் வெப்பத்தை எளிதில் கடத்தும் என்பதால் கழுத்து மட்டும் கண்ணாடி இழையால் ஆனது. கதிர்வீச்சாக வரும் வெப்பத்தைத் தடுக்க, உள்பாத்திரத்தின் மேல் அலுமினியத் தகடும் கண்ணாடி இழைத் தாளும் மாறி மாறிப் பல சுற்றுகள். இழுத்துச் சுற்றினால் அடுக்குகள் நெருங்கி வெப்பத்துக்குப் பாலம் போட்டுவிடும். தளர்வாகவே சுற்ற வேண்டும்.

பிறகு காற்றை வெளியேற்றும் படலம். கேனைச் சூடாக்கிக்கொண்டே பம்ப் இயங்குகிறது. உலோகத்தில் ஒட்டியிருக்கும் ஈரமும் வாயுவும் வெளியேற வேண்டுமே. இடைவெளியில் எஞ்சும் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அதன் பின்னும் கசியும் வாயுவைப் பிடித்து வைக்க, கரி போன்ற உறிஞ்சும் பொருளை உள்ளேயே வைத்து மூடுகிறார்கள். ஓட்டை உண்டா என்று பார்க்க ஹீலியம் சோதனை. கடைசியில் திரவ நைட்ரஜனை நிரப்பி, எடை எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று கணக்கிடுகிறார்கள். கேனின் தரத்தைச் சொல்வது அந்த எண்தான்.

ஆனால் உண்மையான சோதனை சாலையில்தான். குண்டும் குழியுமான பாதையில் கேன் குலுங்கும்போது உள்பாத்திரத்தின் பாரம் முழுவதும் கழுத்தின் மேல் விழுகிறது. அங்கே மயிரிழை விரிசல் போதும், காற்று நுழைந்துவிடும். வாரக்கணக்கில் தாங்க வேண்டிய நைட்ரஜன் வெகுசீக்கிரம் ஆவியாகிவிடும். வெளிப்புறம் வியர்த்து உறைபனி படிந்தால் கேனின் ஆயுள் முடிந்தது என்று அர்த்தம். அதனால்தான் அனுபவஸ்தர்கள் ஒரு குச்சியை உள்ளே விட்டு, பனி படியும் உயரத்தைக் கொண்டு திரவத்தின் அளவை அடிக்கடி பார்க்கிறார்கள்.

இன்னொரு ஆபத்து, மூடியை இறுக்குவது. ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாக விரியும். போக வழியில்லாவிட்டால் கேன் வெடிக்கும். காற்றோட்டமில்லாத அறையில் கேனை வைத்தாலோ, வெளியேறும் வாயு பிராணவாயுவை விரட்டி ஆளையே சாய்த்துவிடும்.

நஷ்டம் கடைசியில் மாட்டுக்காரருக்குத்தான். குளிர் குறைந்து செத்துப்போன விந்தை மறுபடி உறைய வைத்துப் பயனில்லை. பார்வைக்கு அந்தக் குச்சியில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஊசி போடப்படும், பணமும் கைமாறும். மாடு சினை பிடிக்காதது தெரியவே சுமார் 21 நாட்கள் ஆகும், அது மறுபடி பருவத்துக்கு வரும்போது. அதுவரை தீவனச் செலவு மட்டும் நிற்பதில்லை.