அயலார்க்குத் திறந்த வாயில்

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பரங்கிமலையில் இறங்குவோர் அருகே ஒரு குன்றைக் காண்பர். தோமையார் உயிர்நீத்த இடம் அது என்பது மரபு. அதன் உச்சியில் உள்ள ஆலயம் 1523-இல் போர்த்துக்கேசியர் எழுப்பியது. 1547-இல் அங்குக் கண்டெடுத்த கற்சிலுவையின் எழுத்தோ தமிழன்று, இலத்தீனுமன்று, பாரசீகத்துப் பகலவி! மலையேறும் படிகளை அமைப்பித்தவர் உஸ்கான் என்னும் அர்மீனிய வணிகர். இவ்வாறு பல நாட்டார் கைபட்ட அவ்விடத்தில், மெழுகுவர்த்தி ஏந்தி வருவோருள் திருநீறு அணிந்தவரும் இருப்பதில் வியப்பென்ன?

பூசை நேரத்தில் கத்தோலிக்கர் அல்லாதார் உள்ளே அமரலாமா என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. தாராளமாக அமரலாம். நற்கருணை பெறுவது மட்டும் அச்சபையார்க்கே உரியது. பிறர் எழுந்து செல்லாது இருக்கையிலேயே இருந்தால் போதும். அதனை எவரும் குறையாகக் கொள்ளார். பிற சமயங்களில் உள்ள மெய்ம்மையைத் திருச்சபை தள்ளுவதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அக்காலத்திலேயே வழிபாடும் இலத்தீனை விட்டுத் தமிழுக்கு வந்தமையால், அயலார்க்கும் பொருள் விளங்கலாயிற்று.

அயலாரை ஏற்றவர்கள் தம்மவரைப் பிரித்து வைத்ததும் உண்டு. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்துக் கோயிலில் சாதிகளைப் பிரித்து நின்ற சுவர் 1910-இல்தான் இடிபட்டது. ஆசிரியராக இருந்தவன் இதனை மறைத்துப் பேசலாகாது.

இனிப் பள்ளிக்கு வருவோம். (தாம்பரத்துக் கிறித்தவக் கல்லூரியைக் கத்தோலிக்கருடையது எனப் பலர் எண்ணுகின்றனர்; அது ஸ்காட்லாந்துப் புராடஸ்டண்டு மிஷனரிமார் வளர்த்தது.) சிறுபான்மையினர் தமக்கெனப் பள்ளிகள் நிறுவி நடத்தலாம் என்கிறது நம் அரசியலமைப்பின் 30-ஆம் பிரிவு. ஆயினும் அரசுப் பணம் பெறும் பள்ளி, சமயம் ஒன்றையே காரணமாகக் காட்டி ஒருவரை விலக்கலாகாது என்கிறது 29-ஆம் பிரிவு. தம் சமூகத்துப் பிள்ளைகட்கு ஓரளவு முன்னுரிமை தரலாம், அவ்வளவே. அரசின் அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளி எதுவாயினும், பெற்றோர் இசைவின்றிப் பிள்ளையைச் சமய போதனைக்கோ வழிபாட்டிற்கோ உட்படுத்துவதை 28-ஆம் பிரிவு தடுக்கிறது. கத்தோலிக்கப் பிள்ளைகள் ஞானோபதேசம் கற்கும் வேளையில் மற்றவர்க்கு நீதிபோதனை வகுப்பு நடப்பது இதனாலேதான்.

சமயத்தைவிடக் கட்டணமே இன்று பெரிய தடை. தனியார் பள்ளிகள் 25 விழுக்காட்டு இடங்களை எளியோர்க்கு ஒதுக்க வேண்டும் என்னும் சட்டம் சிறுபான்மையோர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, பிள்ளையைச் சேர்க்கச் செல்லும் பெற்றோர் முதலிற் கேட்டறிய வேண்டுவது, அப்பள்ளி அரசின் உதவி பெறுவதா, அன்றா என்பதே.