எந்த நோயைத் தாங்கும் விதை?

1975–76இல் காளஹஸ்திப் பக்கத்து வேர்க்கடலை வயல்களில் செடிகள் குட்டையாக நின்றன. இலையோ வழக்கத்தைவிடக் கரும்பச்சை. பிடுங்கிப் பார்த்தால் விழுதிலும் இளங்காயிலும் பழுப்பு மஞ்சள் புள்ளிகள். காயின் ஓடு நிறம் மாறிக் கிடந்தது. பூஞ்சணம் காரணமில்லை, மண்ணில் வாழும் நூற்புழுதான் என்று பிறகு தெரிந்தது. நோய்க்கு ஊர்ப்பெயரே நிலைத்துவிட்டது: காளஹஸ்தி நோய். பல வகைகளை அந்த மண்ணில் விதைத்துச் சலித்தெடுத்ததில் தேறியது, 'திருப்பதி–3' என்று வெளிவந்த ரகம்.

இதை நினைவுபடுத்தக் காரணம் உண்டு. "நோய் தாங்கும் ரகம்" என்று கடையில் சொன்னால் பலர் அதற்குமேல் கேட்பதில்லை. நூற்புழுவைத் தாங்கும் ரகம் தண்டழுகலையும் தாங்கும் என்பது நிச்சயமில்லை. தண்டழுகல் 'ஸ்கிளிரோசியம் ரால்ஃப்சி' என்னும் மண்வழிப் பூஞ்சணத்தின் வேலை. தரையை ஒட்டிய தண்டில் வெள்ளை நூலாகப் படர்ந்து, கடுகுபோல் பழுப்பு உருண்டைகளை விட்டுச்செல்லும். அந்த உருண்டைகள் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். வேர்க்கடலையோடு தக்காளி, உருளைக்கிழங்கு, மிளகாய் எல்லாவற்றையும் பிடிக்கும். சித்தூர் மேட்டுநிலத்தில் இவற்றை மாற்றி மாற்றி வைத்தால் பயிர்தான் மாறுகிறது, நோய்க்குத் தீனி மாறவில்லை. சோளமோ கம்போ இடையில் வருவது நல்லது.

ஆராய்ச்சி நிலையங்களில் இந்த நோய்க்கு ரகங்களைச் சோதிக்க, சோளமணிகளில் பூஞ்சணத்தை வளர்த்து மண்ணில் கலந்து, வேண்டுமென்றே நோயேற்றிய பாத்தி போடுவார்கள். எளிதில் விழும் ரகம் ஒன்றும் இடையிடையே வரிசையாக விதைக்கப்படும். அது சாகாவிட்டால் அந்தச் சோதனை செல்லாது. மற்றவை பிழைத்தது ரகத்தின் பலத்தாலா, நோயே வராததாலா என்று சொல்ல முடியாதே! ஒரே ஆண்டு, ஒரே இடத்து முடிவை நம்பாமல் திரும்பவும் சோதிப்பார்கள். தண்டழுகலே அண்டாத வேர்க்கடலை ரகம் என்று ஒன்று கிடையாது. குறைவாகச் சாகும் ரகங்கள்தான் உண்டு. ஆகவே கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பதை எந்த ரகத்திலும் விட வேண்டாம். விதையோடு வரும் கழுத்தழுகலுக்கும் அது உதவும்.

இனி உரிமை. சான்று விதையின் மூட்டையில் நீல அட்டை இருக்க வேண்டும். வேர்க்கடலைக்குக் குறைந்தது 70 சதவீத முளைப்பு என்பது அதன் உறுதி. நோய் தாங்குமா என்பதற்கு அந்த அட்டை சாட்சி இல்லை. அதனால்தான் "எந்த நோய்?" என்று கேட்டு, விற்பவர் தரும் துண்டறிக்கையையும் ரசீதையும் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ரசீதில் ரகமும் லாட் எண்ணும் இருக்கட்டும்.

2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள், உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39(2) பிரிவு இதற்குப் பலம். பதிவான ரகம் எந்தச் சூழலில் என்ன தரும் என்று அதை உருவாக்கியவர் உழவருக்குச் சொல்லியாக வேண்டும். சொன்னபடி தராவிட்டால் அந்தச் சட்டத்தின்கீழ் இயங்கும் ஆணையத்திடம் இழப்பீடு கோரலாம். சொந்த விதையை எடுத்து வைக்கவும் பக்கத்துக்காரருக்குக் கொடுக்கவும் விற்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தைப் பிராண்ட் பெயரிட்டு மட்டும் விற்கக் கூடாது.

நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. ஆந்திர உழவர்களுக்கு எதிராகத் தேசிய விதைக் கழகம் கொண்டுபோன வழக்கில், விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. விதையை முழுக்க விதைத்துவிட்டவரிடம் சோதனைக்கு மாதிரி கேட்பது நியாயமில்லை என்றும் சொன்னது. வேலூரிலிருந்து வந்து சித்தூரில் வாங்கியவர் வேலூர் மாவட்ட ஆணையத்திலேயே மனுப் போடலாம். வாங்கிய விதைக்குக் கொடுத்த பணம் 5 லட்ச ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை. கெடு 2 ஆண்டு.

ஒன்று மட்டும். தண்டழுகல் பெரும்பாலும் நம் மண்ணில் இருந்தே வருவது. விற்றவர் அந்த நோயைப் பற்றி எதுவுமே சொல்லியிருக்காவிட்டால் வழக்கு நிற்பது கடினம். செடி சாயத் தொடங்கியதும் வயலை உழுதுவிடாமல், மண்டல வேளாண் அலுவலருக்கு எழுத்தில் கொடுத்து, நேரில் பார்த்து அறிக்கை தரச் சொல்லுங்கள். வேரும் மண்ணுமாக நாலு செடியைப் பிடுங்கித் திருப்பதி ஆராய்ச்சி நிலையத்தில் காட்டினால், நூற்புழுவா பூஞ்சணமா என்பது தெரிந்துவிடும். அவசரத்துக்குக் கிசான் கால் சென்டர் 1800-180-1551.