பாரிஸ் சுற்றுலா: கிளம்பும் முன் கேட்டுப் பெற வேண்டிய உரிமைகள்

பாரிஸுக்குக் குடும்பத்தோடு போகிறவர்கள் ஹோட்டல், டிக்கெட், பார்க்க வேண்டிய இடங்கள் என்று எல்லாவற்றையும் திட்டமிடுகிறார்கள். ஏதாவது ஒன்று பறிபோனால் யாரிடம் போவது என்பதை மட்டும் யோசிப்பதில்லை. “ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று விமானம் ஏறிவிடுகிறார்கள். திரும்பக் கிடைத்திருக்கக்கூடிய பணமும் அதோடு போய்விடுகிறது. பிரெஞ்சு, ஐரோப்பியச் சட்டங்கள் வெளிநாட்டுப் பயணிக்கும் பாதுகாப்பு தருகின்றன. ஆனால் சம்பவம் நடந்த இடத்திலேயே, உரிய நேரத்தில் பதிவு செய்தவர்களுக்குத்தான் அது எளிதில் கைகொடுக்கும்.

திருட்டு

ஈஃபிள் கோபுரத்தடி, லூவ்ர் அருங்காட்சியகச் சுற்றுப்புறம், மெட்ரோ 1ஆம் தடம், விமான நிலைய ரயில் ஆகியவை பிக்பாக்கெட்டுக்குப் பேர்போன இடங்கள். ஒருவர் மனுவை நீட்டிக் கையெழுத்துக் கேட்பார். அந்த நேரத்தில் இன்னொருவர் பையைத் திறப்பார். சாக்ரே கேர் தேவாலயத்துக்கு ஏறும் வழியில் கையில் கயிற்றைக் கட்டிவிட்டுப் பணம் கேட்பார்கள். நிற்காமல் நடந்துவிடுங்கள். குடும்பத்தின் எல்லாப் பாஸ்போர்ட்டுகளையும் ஒரே பையில் வைக்காதீர்கள்.

பறிபோனால் முதலில் வங்கிக் கார்டை முடக்குங்கள். அடுத்து, அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் கொடுத்து நகல் வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான். பாஸ்போர்ட் தொலைந்திருந்தால் அதே நகலோடு பாரிஸ் 16ஆம் வட்டாரத்தில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகுங்கள். நாடு திரும்ப அவசரச் சான்றிதழ் தருவார்கள். எந்த ஆபத்துக்கும் 112 என்ற எண்ணை இலவசமாக அழைக்கலாம்.

உடல்நலம்

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசாவுக்காக வாங்கியதோடு அதை மறந்துவிடாதீர்கள். பாலிசி எண்ணும் உதவி எண்ணும் வீட்டுப் பெரியவர்கள் உட்பட எல்லோருடைய கைப்பேசியிலும் இருக்கட்டும். சிகிச்சை பெற்றால் அதன் ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

கட்டணங்கள்

சார்ல் து கோல் விமான நிலையத்துக்கும் பாரிஸ் நகருக்கும் இடையே டாக்ஸிக்கு 2016 முதல் நிலையான கட்டணம் உண்டு. சேன் ஆற்றின் வலது கரைக்கு ஒன்று, இடது கரைக்கு ஒன்று. போக்குவரத்து நெரிசலைக் காட்டி அதைக் கூட்ட முடியாது. முனையத்துக்குள் வந்து அழைப்பவரை நம்பாமல், டாக்ஸி வரிசைக்குப் போங்கள்.

உணவகங்கள் விலைப்பட்டியலை வெளியே வைக்க வேண்டும் என்பது சட்டம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடக்கம், டிப்ஸ் கட்டாயமில்லை. சாப்பாட்டோடு குழாய்த் தண்ணீர் கேட்டால் இலவசமாகத் தர வேண்டும். கார்டு இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்றால் பெரும்பாலும் மோசமான மாற்று விகிதத்தில் கூடுதலாகப் போகும்.

மெட்ரோவில் ஆளுக்கு ஒரு டிக்கெட் வேண்டும். வெளியே வரும்வரை அது கையில் இருக்கட்டும். பரிசோதகர் கேட்டுக் காட்ட முடியாவிட்டால் அபராதம்.

திரும்பும் விமானம்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, பாரிஸிலிருந்து புறப்படும் எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் பொருந்தும். 3,500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணத்தில் சேருமிடத்தை நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதமாக அடைந்தால், தலைக்கு 600 யூரோ வரை இழப்பீடு கேட்கலாம். கடும் வானிலை போன்ற அசாதாரணக் காரணங்களுக்கு இது பொருந்தாது; அப்போதும் காத்திருக்கும் நேரத்துக்கு உணவும், இரவு தங்க நேர்ந்தால் இடமும் தர வேண்டும்.

பெட்டி வராவிட்டாலோ உடைந்திருந்தாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன் புகார் பதிவு செய்யுங்கள். சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதமாக வந்த பெட்டிக்கு அது கைக்கு வந்த 21 நாளுக்குள்ளும் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும்.

பயணத்துக்கு முன்பே குடும்பத்தில் ஒருவரைத் தாள்களுக்குப் பொறுப்பாக்குங்கள். புகார் நகல், ரசீது, போர்டிங் பாஸ் மூன்றும் அவரிடம் சேரட்டும். கையில் தாள் இருப்பவரின் கோரிக்கையை யாரும் சுலபமாகத் தட்டிக்கழிக்க முடியாது.